சிவப்புத் துணி கட்டினால் போதுமா?



நம் இரண்டாவது குறுக்குத் தெருவில் பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். சென்ற மாதம் அங்கே கம்பி வந்து இறங்கியதை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். வந்தது ஒரு சின்ன மூன்று சக்கர வண்டி. அதன் தொட்டி ஆறடி இருந்தால் அதிகம். கடையிலிருந்து வரும் கம்பி 12 மீட்டர், அதாவது ஏறக்குறைய 40 அடி. பாதியாக மடக்கினாலும் 20 அடி. மீதிக் கம்பி வண்டிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்திலும் மேலும் கீழும் ஆடியபடி வந்தது. நுனியில் ஒரு சிவப்புத் துணி. அதற்குப் பின்னால் பள்ளிக்கூட வேன்.

எல்லோரும் பார்த்தோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1996-ல் இதே நகரில் என் வீட்டைக் கட்டினேன். அப்போது பாதி மனைகள் காலியாகக் கிடந்தன. வங்கிக் கடன், மனைவியின் நகை, சேமநல நிதியில் எடுத்த முன்பணம் எல்லாம் சேர்த்துக் கட்டிய வீடு. செலவை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வந்தேன். குமாஸ்தா புத்தி. கம்பி எடுக்கப் போனபோது கடைக்காரர் கேட்டார்: "லாரியில் அனுப்பட்டுமா சார், மூன்று சக்கர வண்டியில் அனுப்பட்டுமா?" லாரிக்கு 300 ரூபாய். சின்ன வண்டிக்கு 120 ரூபாய். 180 ரூபாய் மிச்சம் என்று சின்ன வண்டியையே சொன்னேன். பின்னால் நீட்டிக்கொண்டிருந்த கம்பியைப் பார்த்துவிட்டு, மனைவியின் பழைய சேலையில் கிழித்து வைத்திருந்த சிவப்புத் துணியை நானே என் கையால் கட்டினேன். பொறுப்பாக நடந்துகொண்டதாக நினைப்பு.

தெருமுனையில் வண்டி இடப்பக்கம் திரும்பியது. முன்புறம் இடப்பக்கம் போனால் பின்னால் நீட்டியிருப்பது வலப்பக்கம் வீசும். எதிரே சைக்கிளில் வந்த பையனுக்குப் பதின்மூன்று வயது. கம்பி அவன் கன்னத்தைக் கிழித்தது. ஒன்பது தையல். ஓர் அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். சாயங்காலம் பையனின் அப்பா வீட்டுக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று பயந்தேன். அவர் சொன்னது வேறு: "துணி கட்டித்தானே சார் இருந்தது? பையன்தான் பார்த்து வந்திருக்கணும்."

அந்த வார்த்தை என்னை விடவில்லை. சுமையைக் கட்டாமல் அனுப்பியவன் நான். பார்த்து வந்திருக்க வேண்டியவன் அவனா?

பணி ஓய்வுக்குப் பிறகு, வண்டியில் சுமை ஏற்றுவதற்கு மனிதர்கள் எப்போது, எப்படி விதி செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். நான் பி.காம். படித்தவன். இலக்கியமும் சட்டமும் முறையாகப் படித்ததில்லை. கணக்குப் பார்க்கிற கண்ணால் பார்த்ததை உங்களிடம் சொல்கிறேன்.

உப்பு வண்டி

நம்மிடம் இந்தப் பேச்சு மிகப் பழையது. சங்க காலத்தில் கடற்கரை உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றவர்கள் உமணர்கள். மேடும் பள்ளமுமான வழியில் வண்டி வரிசையாகப் போவார்கள். புறநானூற்றின் 102-ஆம் பாட்டில், அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், அவனை உமணர் வண்டியின் அடியில் கட்டியிருக்கும் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். வழியில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வைத்திருக்கும் இன்னோர் அச்சு. இன்று நாம் ஸ்டெப்னி என்கிறோமே, அது போல. ஓர் அரசனைப் புகழ இந்த உவமை போதுமானதாக இருந்தது என்றால், சுமை வண்டியின் ஆபத்தை எல்லோரும் அறிந்திருந்தார்கள் என்றுதானே பொருள்?

பெரும்பாணாற்றுப்படையில் உமணர் வண்டிகளை இன்னும் விரிவாகப் பார்க்கலாம். பெண்கள் வண்டியில் இருந்து எருதுகளை ஓட்டுகிறார்கள். ஆண்கள் வண்டி வரிசைக்குப் பக்கத்தில் காவலாக நடந்து வருகிறார்கள். இதை நினைவில் வையுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

திருவள்ளுவர் வலியறிதல் அதிகாரத்தில், 475-ஆம் குறளில், மயிலிறகு ஏற்றிய வண்டியைச் சொல்கிறார். இறகுதானே என்று அளவுக்கு மேல் ஏற்றினால் அதற்கும் அச்சு முறியும். அரசனுக்குச் சொன்ன அறிவுரைதான். ஆனால் உவமை வண்டிக்காரனுடையது.

கிராமத்தில் கட்டை வண்டி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். முன்பாரம், பின்பாரம் பார்த்துத்தான் மூட்டை ஏற்றுவார்கள். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். வண்டிக்காரர் ஏர்க்காலைக் கையால் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு மூட்டையை இங்கிருந்து அங்கே நகர்த்துவார். தவறாக ஏற்றினால் முதலில் அவதிப்படுவது அவருடைய மாடு, அவருடைய வண்டி. அதனால் தனியாக விதி தேவைப்படவில்லை.

நிலைமை மாறியது, சுமையை ஏற்றுகிறவர் ஒருவர், ஆபத்தைச் சுமக்கிறவர் வேறொருவர் என்று ஆன பிறகுதான்.

கப்பலில் ஒரு கோடு

இந்த மாற்றம் முதலில் பெரிதாக வெடித்தது சாலையில் அல்ல, கடலில். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சில கப்பல் முதலாளிகள் பழைய கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றி, நல்ல தொகைக்குக் காப்பீடும் செய்துவிடுவார்கள். கப்பல் போய்ச் சேர்ந்தால் வாடகை. மூழ்கினால் காப்பீட்டுப் பணம். முதலாளியின் லெட்ஜரில் இரண்டு பக்கமும் வரவுதான். பற்று எழுதப்பட்டது மாலுமிகளின் வீட்டில். அந்தக் கப்பல்களைச் 'சவப்பெட்டிக் கப்பல்கள்' என்றே மக்கள் அழைத்தார்கள்.

டெர்பி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சால் இதை எதிர்த்துப் போராடினார். அவர் நிலக்கரி வியாபாரம் செய்தவர். 1873-ல் புத்தகம் எழுதினார். 1875-ல் மசோதாவை அரசு தள்ளிப்போட்டபோது அவையிலேயே கோபமாகக் கத்தி, பிறகு மன்னிப்புக் கேட்டார். 1876-ல் சட்டம் வந்தது. கப்பலின் பக்கவாட்டில் ஒரு கோடு வரைய வேண்டும், அது தண்ணீரில் முழுகும் அளவுக்குச் சரக்கு ஏற்றக் கூடாது.

ஆனால் அந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. கோடு கட்டாயம். அதை எங்கே வரைவது என்பது முதலாளியின் விருப்பம்! 1890-ல் வந்த சட்டம்தான் கோட்டின் இடத்தையும் அரசு விதிப்படி நிர்ணயித்தது. இடையில் பதினான்கு வருடம், கோடு இருந்தது, பாதுகாப்பு இல்லை.

இதைப் படித்தபோது எனக்கு நான் கட்டிய சிவப்புத் துணிதான் நினைவுக்கு வந்தது. அடையாளம் இருந்தது. வேறென்ன இருந்தது?

சென்னைக்கோ தூத்துக்குடிக்கோ வரும் சரக்குக் கப்பலின் பக்கத்தில் இன்றும் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு கோடும் பார்க்கலாம். அது பிளிம்சாலின் கோடு.

எடை மேடையின் கதை

சாலைக்கு வருவோம். இந்தியாவில் மோட்டார் வண்டிகளுக்கான நாடு தழுவிய சட்டம் 1914-ல் வந்தது. பிறகு 1939 சட்டம். இப்போது நடப்பில் இருப்பது 1988-ல் இயற்றி 1989 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது.

எண்பதுகளின் கடைசியில் நான் சங்ககிரியில் வேலை பார்த்தேன். லாரிகளுக்குப் பெயர் போன ஊர். லாரிக் கடன் கோப்புகள் என் மேஜைக்குத்தான் வரும். காலி எடை எவ்வளவு, பாரத்துடன் எவ்வளவு என்று பதிவுப் புத்தகத்தில் பார்த்து எழுதுவோம். லாரியின் பக்கவாட்டிலும் அதை எழுதியிருப்பார்கள். எடையைத் தவிர, சரக்கை எப்படிக் கட்டுகிறார்கள் என்று ஒரு நாளும் நாங்கள் கேட்டதில்லை. கடன் படிவத்தில் அதற்கு இடமும் இல்லை.

எடைக்கு மட்டும் ஏன் இத்தனை கவனம்? ஒரு காரணம் சாலை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே சாலைகளைப் போட்டு, லாரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பெரிய சோதனை நடத்தினார்கள். அதில் தெரிந்தது இது. ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய பதினாறு மடங்கு. உலகம் முழுவதும் சாலைப் பொறியாளர்கள் அச்சு எடையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பது இதனால்தான். நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு தாருக்கும் ஜல்லிக்கும் போட்ட கணக்கு. பின்னால் சைக்கிளில் வருகிறவனுக்குப் போட்டதல்ல.

அந்த எடை விதியும் ஒழுங்காக நடக்கவில்லை. அதிக பாரத்துக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு அதே பாரத்தோடு லாரி தொடர்ந்து போவது சில மாநிலங்களில் வழக்கமாகிவிட்டிருந்தது. 2005 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தடுத்தது. அபராதம் கட்டியதால் அதிக பாரத்தோடு பயணத்தைத் தொடர உரிமை வந்துவிடாது, கூடுதல் சரக்கை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றது. வங்கியில் நாங்கள் சொல்வோம், தாமதக் கட்டணம் கட்டியதால் கடன் அடைந்ததாகாது என்று. அதே நியாயம்.

ஒரு மீட்டர் சலுகை

இனி நம் கம்பிக்கு வருகிறேன். 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 93-ஆம் விதி, சுமை வண்டியின் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்று சொன்னது. ஆனால் ஒரு விலக்கும் வைத்திருந்தது. கம்பம் போன்ற நீளமான பொருள் என்றால் சரக்கு வண்டியின் பின்னால் 1 மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கலாம்.

1 மீட்டர்தானே என்று தோன்றும். இரவில் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் கம்பி லாரியை நினைத்துப் பாருங்கள். லாரியின் பின்பக்கம் தெரியும்போது கம்பியின் நுனி ஏற்கெனவே 1 மீட்டர் உங்கள் பக்கம் வந்துவிட்டது. அதுவும் கார் ஓட்டுபவரின் முகத்துக்கு நேரே. பகலிலேயே கம்பியின் நுனி ஒரு புள்ளியாகத்தான் தெரியும். இரவில் சிவப்புத் துணி கறுப்புத் துணிதான்.

நீட்டிய கம்பிகளால் ஏற்பட்ட சாவுகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. 2014-ல் மத்திய அரசு அந்த ஒரு மீட்டர் விலக்கை நீக்கியது. ஆக, கால் நூற்றாண்டு காலம் நம் நாட்டில் கம்பி நீட்டிக்கொண்டு போவது சட்டப்படியே சரியாக இருந்தது. 2014-க்குப் பிறகு சரியல்ல. நம் தெருவில் சென்ற மாதம் பார்த்தது அதற்கும் பிந்தையது.

2019-ல் சட்டம் மேலும் இறுகியது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய். சுமை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதற்குத் தனியாக 20,000 ரூபாயும் இறக்கும் செலவும். இதில் நான் இரண்டு முறை படித்த இடம் ஒன்று உண்டு. ஓட்டுகிறவர் மட்டுமல்ல, அப்படி ஓட்டச் செய்கிறவரும் ஓட்ட விடுகிறவரும் பொறுப்பு என்கிறது 194-ஆம் பிரிவு. 180 ரூபாய் மிச்சம் பிடித்து அந்த வண்டியை வரச் சொன்ன வீட்டுக்காரரும் இதில் வருவாரா? அதை வக்கீல்கள் சொல்லட்டும். என் மனக்கணக்கில் வருகிறார்.

கயிற்றின் கணக்கு

எடைக்கு மேடை இருக்கிறது. நீளத்துக்கு டேப் இருக்கிறது. கட்டு சரியா என்பதற்கு என்ன அளவு?

அதற்கும் சில நாடுகளில் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியின் சாலைப் போக்குவரத்து விதியில் 22-ஆம் பிரிவு, திடீரென்று முழு பிரேக் போட்டாலும் சட்டென்று ஒதுங்கினாலும் சரக்கு சறுக்காமல், சாயாமல், உருளாமல், விழாமல் இருக்கும்படி அடுக்கிக் கட்ட வேண்டும் என்கிறது. அமெரிக்காவின் லாரி விதி இதை எண்ணாகவே எழுதியிருக்கிறது. கட்டானது முன்பக்கம் சரக்கின் எடையில் 80 சதவீத விசையையும், பின்பக்கமும் பக்கவாட்டிலும் 50 சதவீத விசையையும் தாங்க வேண்டும். ஒரு டன் கம்பி ஏற்றினால், பிரேக் போடும்போது அது முன்னால் பாயாமல் 800 கிலோ அளவுக்குப் பிடித்து நிறுத்தும் கட்டு வேண்டும். நாம் போடும் ஒற்றைச் சுற்று நைலான் கயிறு அதைச் செய்யுமா?

பலர் நினைப்பது போல மேலே போட்ட கயிறு சரக்கைப் பிடித்து இழுப்பதில்லை. அது கீழ்நோக்கி அமுக்குகிறது. அந்த அமுக்கத்தால் வரும் உராய்வுதான் சரக்கை நிறுத்துகிறது. இரும்புக்கும் இரும்புக்கும் இடையே உராய்வு குறைவு. எண்ணெய்ப் பசை, மழைத் தண்ணீர் இருந்தால் இன்னும் குறைவு. அதனால்தான் வெளிக் கம்பிகள் கயிற்றில் இறுகி நிற்க, கட்டின் நடுவிலிருக்கும் கம்பிகள் உருவிக்கொண்டு போகின்றன. முன்பக்கம் வலுவான தடுப்பு இல்லாவிட்டால் அவை போய் நிற்கும் இடம் டிரைவரின் முதுகு.

அமெரிக்க விதியில் இன்னொன்றும் உண்டு. புறப்பட்டு முதல் 50 மைலுக்குள், அதாவது 80 கிலோமீட்டருக்குள், டிரைவர் ஒரு முறை இறங்கிக் கட்டைச் சரிபார்க்க வேண்டும். ஏனென்றால் வண்டி குலுங்கக் குலுங்கச் சரக்கு அமர்ந்துகொள்ளும், கயிறு தளரும். இதைப் படித்ததும் எனக்கு உமணர்கள் நினைவுக்கு வந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் நடந்து வந்தவர்கள் சுமை சரிவதையும் கட்டுத் தளர்வதையும் உடனே பார்த்திருப்பார்கள்.

கடைசியாக ஒன்று. 2004 பிப்ரவரியில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் ரென்டன் நகருக்கு அருகே, முன்னால் போன இழுவண்டியில் கட்டாமல் வைத்திருந்த ஒரு மரப்பலகை பறந்து வந்து பின்னால் வந்த காரின் கண்ணாடியை உடைத்தது. ஓட்டிவந்த இளம்பெண் உயிர் பிழைத்தார். பார்வை போய்விட்டது. அவருடைய தாயார் விடாமல் போராடினார். 2005-ல் அந்த மாகாணம், சுமையைக் கட்டாமல் போய் ஒருவரைக் காயப்படுத்துவதைக் குற்றவியல் குற்றமாக்கியது. அங்கே விழுந்தது லாரிச் சரக்கு அல்ல என்பதைக் கவனியுங்கள். வீட்டுச் சாமான்.

நம் நகருக்கு

இந்தக் கதைகளை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. ஒவ்வொரு இடத்திலும் முதலில் பொறுப்பு, ஆபத்தில் இருக்கிறவர் தலையில்தான் இருந்தது. மாலுமி பார்த்துக் கப்பல் ஏற வேண்டும். பின்னால் வருகிறவர் பார்த்து வர வேண்டும். பிறகு யாரோ ஒருவர் கேட்டுக் கேட்டு, பொறுப்பை அது இருக்க வேண்டிய இடத்துக்கு, அதாவது சுமையை ஏற்றி அனுப்புகிறவரிடம் நகர்த்தியிருக்கிறார். சிவப்புத் துணி அந்தப் பழைய காலத்து மிச்சம். 'நான் கட்டவில்லை, நீ பார்த்துக்கொள்' என்றுதான் அது சொல்கிறது.

நம் நகரில் இன்னும் பல வீடுகள் இடித்துக் கட்டப்படப் போகின்றன. அதனால் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறேன்.

கம்பி வாங்கும்போது, வண்டியின் தொட்டிக்குள் அடங்கும்படி வெட்டியோ மடக்கியோ தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் நீளமான லாரியைக் கேளுங்கள். கூலி கூடும். கொடுத்துவிடுங்கள். மணலும் எம்-சாண்டும் தார்ப்பாய் மூடித்தான் வர வேண்டும் என்று ஒப்பந்தக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீடு மாறும்போது குட்டி யானையில் ஏற்றும் பீரோவையும் மெத்தையையும், மேலே ஒரு பையனை உட்காரவைத்துப் பிடிக்கச் சொல்லாதீர்கள். கயிறு போட்டுக் கட்டுங்கள். ஸ்கூட்டரில் கேஸ் சிலிண்டரைக் கால் இடுக்கில் வைத்துக்கொண்டு போகும் நண்பர்களுக்கும் இதைத்தான் சொல்கிறேன்.

நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. கட்டுமானம் தொடங்குகிறவர்களிடம் சங்கம் வாங்கும் உறுதிமொழிக் கடிதத்தில், தண்ணீர், குப்பை, இரைச்சல் பற்றியெல்லாம் இருக்கிறது. சுமை பற்றி ஒரு வரி இல்லை. 'நீட்டிக்கொண்டிருக்கும் சரக்கு நகருக்குள் வராது' என்று ஒரு வரி சேர்க்கலாம். வரும் செயற்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். வந்து ஆதரியுங்கள். எதிர்க்கிறவர்களும் வாருங்கள், பேசுவோம்.

1996 நோட்டு இன்னும் என் பீரோவில் இருக்கிறது. 'கம்பி வண்டிக் கூலி 120' என்று ஒரு வரி. இரண்டு வரி தள்ளி, 'பையன் மருத்துவம் 640'. மொத்தம் 760. லாரிக்குக் கொடுத்திருந்தால் 300. கூட்டல் சரிதான். முப்பது வருடம் வங்கியில் பிறர் கணக்கைச் சரிபார்த்தவன், இதை மட்டும் அன்றைக்கு டோட்டல் போடாமல் விட்டிருக்கிறேன்.

இரண்டாவது குறுக்குத் தெரு வீட்டுக்காரரிடம் நேற்றுப் போய்ப் பேசினேன். அடுத்த தளத்துக்கான கம்பி அடுத்த மாதம் வருகிறதாம். லாரியில் வரவழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், நான்காவது குறுக்குத் தெரு